ஏழாவது கட்டத்துல என் நம்பர்

அக்கா, அந்த ஜன்னலோரத்த எனக்கு விடறீங்களா? வாந்தி எடுக்கற ஆளெல்லாம் இல்ல நான். மூச்சு முட்டுது, கொஞ்சம் காத்து வேணும், அவ்வளவுதான். நல்லா இருப்பீங்க. உங்க பைய இப்படிக் குடுங்க, மடியில வச்சுக்கறேன். யம்மா, என்ன இந்தக் கனம் கனக்குது, யாரையாவது வெட்டி எடுத்துட்டுப் போறீங்களா? சும்மா சொன்னேன். தவுடா? சரி சரி.

பயந்து போயிருக்கேன்கா. காலையில பத்து மணியில இருந்து இப்படித்தான். மத்தவங்களுக்கெல்லாம் பயந்தா வாய் அடைச்சுக்கும். எனக்குத் தொறந்துக்கும். எங்க வீட்டுக்காரரு செத்த அன்னிக்கு மால போட வந்தவருகிட்ட, 'கொஞ்சம் தள்ளிப் போடுங்க, அவருக்கு ரோஜாப்பூன்னா தும்மல் வரும்'னுட்டேன். எங்க மாமியா அன்னிக்கு நிறுத்துன பேச்சு, இன்னிக்கு வரைக்கும் என்கூடப் பேசல. அதுல ஒரு நல்லதும் இருக்குது, அத விடுங்க. நான் சொல்ல வந்தது, என் வாயப் பாத்து இவ சந்தோஷமா இருக்கறான்னு நெனச்சுக்காதீங்க. பயத்துல பேசிட்டு வர்றேன்.

நான் யுனிவர்சிட்டியில வேல பாக்கறேன். உடனே புரொபசர்னு எந்திரிச்சு நிக்காதீங்க. தொடப்பம் புடிக்கற வேல. பேரு பூங்காவனம். நாலாங்கிளாஸ் வரைக்கும் போனேன், அதுலயும் பாதி நாள் முட்டி போட்டதுதான். கான்ட்ராக்டுல எடுத்து மூணு வருஷமா ஒரே எடத்துல போட்டிருக்காங்க. மாணவர் மனநல ஆலோசனை மையம். அந்தப் போர்ட எழுத்துக் கூட்டிப் படிச்சு முடிக்கவே எனக்கு ஒரு வாரம் ஆச்சு. ரெண்டு ரூமு. உள்ள மேடம், வெளிய நானு. நடுவுல ஒரு கதவு, அதுவும் சரியா சாத்தாது.

மனசு சரியில்லாத புள்ளைங்க வந்து மேடத்துகிட்டப் பேசிட்டுப் போகும். ஜெசிந்தா மேடம். தங்கமான மனுஷி. காலேஜு புள்ளைங்களுக்கு என்ன கொற, மூணு வேளையும் சோறு, கையில போனு, அப்புறம் என்ன மனசுன்னு நானும் கேட்டவதான். ஒரு மாசம் அந்த வாசல்ல உக்காந்தேன், அந்தக் கேள்விய அப்புறம் கேக்கல.

எங்க ரூமுக்கும், பெயிலான பேப்பருக்குப் பீஸ் கட்டற ஜன்னலுக்கும் நடுவுல ஒரு தூணுதான். எங்ககிட்ட வர்ற புள்ளைங்க எல்லாம் அந்த அரியர் வரிசையிலதான் வந்து நிக்கும். தெரிஞ்சவன் எவனாவது பாத்துட்டா, 'ரெண்டு பேப்பர் போயிடுச்சுடா'ன்னு சொல்லிக்கும். எல்லாத்துலயும் பாஸான புள்ளைங்கக்கா. பெயிலுன்னு சொல்லிக்க வெக்கம் இல்ல, எங்க கதவத் தட்டத்தான் வெக்கம். எனக்கு வரிசையப் பாத்தாலே தெரிஞ்சுடும். அரியர் கட்ட வந்தவன் ஜன்னலப் பாப்பான். நம்ம ஆளு சொவத்தப் பாப்பான். நான் போயி, 'தம்பி, சலான் இங்க உள்ள இருக்குது, வா'ன்னு சத்தமாக் கூட்டிட்டு வந்துருவேன். ஒருத்தனுக்கும் சந்தேகம் வராது. மேடமே சொல்லியிருக்காங்க, 'பூங்காவனம், நீங்க இல்லன்னா பாதிப் பேரு இந்தக் கதவத் தாண்டியிருக்க மாட்டாங்க'ன்னு.

அதனால பாருங்க, ரகசியம்னா என்னன்னு எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். உள்ள வந்த புள்ள பேர நான் வெளிய சொன்னதே கெடையாது. இப்பக்கூட நான் ஒரு பையனப் பத்தித்தான் சொல்லப் போறேன், ஆனா பேரு சொல்ல மாட்டேன். சும்மா பூவரசன்னு வச்சுக்குவோமே.

அவன் பேரு அதான். சரி விடுங்க, உங்களுக்கு என்ன, நீங்க பாட்டுக்கு ஊரப் பாக்கப் போறீங்க.

எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, ரெண்டாம் வருஷம். ஒல்லிப் பையன், சட்டப் பித்தான கழுத்து வரைக்கும் போட்டிருப்பான். வியாழக்கெழம மூணு மணிக்கு வருவான். மொத நாளு வந்தப்ப ஒரு பாரம் குடுத்தாங்க. எல்லாரும் எழுதணும். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனா எந்தக் கட்டத்துல என்னன்னு தெரியும். மொதக் கட்டம் பேரு, மூணாவது கட்டம் டிபார்ட்மெண்ட். ஏழாவது கட்டம்தான் வில்லங்கம். புள்ளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா யாருக்குப் போன் போடறது, அவங்க என்ன ஒறவு, நம்பர் என்ன. எல்லாப் புள்ளையும் ஏழாவது கட்டத்துல வந்து நிக்கும். வீட்டு நம்பரப் போட்டா வீட்டுக்குத் தெரிஞ்சுருமே.

இவனும் நின்னான். பேனா முனையில இருந்து மையி பேப்பர்ல ஊறுது, எழுத மாட்டேங்கறான். 'அக்கா, இத விட்டுடலாமா?' 'விட்டா மேடம் உள்ள சேக்க மாட்டாங்கப்பா.' 'அப்ப நான் போறேன்கா.' எந்திரிச்சுட்டான். கண்ணப் பாத்தேன், ரெண்டு மூணு ராத்திரி தூங்காத கண்ணு. இவன் போனா திரும்பி வர மாட்டான்னு எனக்குத் தெரிஞ்சுச்சு. நான் என்ன பண்ணேன், 'உக்காரு, என் நம்பரப் போடு. ஒறவுங்கற எடத்துல அக்கான்னு எழுது. கேட்டா எங்கம்மாவுக்கு ஆத்துல கெடைச்ச புள்ளைன்னு சொல்லிக்கறேன்'னேன். சிரிச்சுட்டான். எழுதிட்டான்.

நல்ல காரியம்னுதான் நெனச்சேன். இப்பவும் சொல்றேன், அன்னிக்கு அவன் உள்ள போனது என்னாலதான்.

அப்புறம் ஏழாவது கட்டத்துல யாரு தெகைச்சு நின்னாலும் என் நம்பருதான். எத்தன பேருன்னு இன்னிக்குக் காலையில வரைக்கும் எனக்கே தெரியாது. பதினாலு பேரு. பெத்தது ஒண்ணுகூட இல்ல, பேப்பர்ல பதினாலு.

கண்டக்டர் தம்பி, கல்லேரிப்பட்டி ஒண்ணு குடுப்பா. எவ்வளவு நேரம் ஆகும்? கணவாய் ஏறி எறங்கணுமா? கொஞ்சம் அழுத்தி ஓட்டச் சொல்லுப்பா உன் டிரைவர, எல்லா வேப்ப மரத்துக்கும் நின்னு வணக்கம் சொல்லிட்டுப் போறாரு.

என்னக்கா அப்படிப் பாக்கறீங்க? பையன் ஊருதான். சொல்றேன் இருங்க.

அஞ்சு வாரம் ஒழுங்கா வந்தான். நான் கதவுல காத வைக்கற ஆளு இல்ல. கதவு சாத்தாது, அதுக்கு நான் என்ன பண்றது. ஒரு நாள் கேட்டுருச்சு. 'காலையில எந்திரிக்காமயே போயிட்டா நல்லா இருக்கும்னு தோணுது மேடம்'ங்கறான். கேலி பேசற கொரல் இல்ல. மளிக லிஸ்ட்டு சொல்ற மாதிரி சொல்றான். அன்னிக்கு வெளிய வந்தவனுக்கு டீ குடுத்து, ஏதேதோ பேசி, டிபார்ட்மெண்ட் ஹெட்டு மாதிரி நடந்து காட்டினேன். நல்லா சிரிச்சான். நாமளும் ஒரு மருந்துதான்னு எனக்கு ஒரு கர்வம்.

அப்புறம் ஒரு வியாழக்கெழம வரல. அடுத்த திங்கக்கெழம நான் பிளாஸ்க்குல டீ வாங்க கேன்டீனுக்குப் போறேன், அங்க கூட்டாளிங்க அஞ்சாறு பேரோட உக்காந்து சாப்புட்டுட்டு இருக்கான். எனக்குப் பாத்ததும் சந்தோஷம்க்கா. சத்தியமா சந்தோஷம். அந்தச் சந்தோஷத்துலதான் கேட்டேன். 'என்னப்பா பூவு, போன வாரம் ஆளக் காணோம்? உனக்குன்னே மேடம் புதுசா டிஷ்யூ பேப்பர் டப்பா வாங்கி வச்சிருக்காங்க, பழச நீ ஒருத்தனே காலி பண்ணிட்ட'ன்னு.

ஒருத்தன் கேட்டான், 'எந்த மேடம்கா?' நான் அப்பவாவது வாய மூடியிருக்கணும். 'எங்க மேடந்தான்பா. அழறதுக்குன்னு தனி டிபார்ட்மெண்ட்டு, அட்மிஷன் ப்ரீ'ன்னேன்.

எல்லாம் சிரிச்சுச்சு. அவனும் சிரிச்சான். மத்தவனுங்கள விட சத்தமா சிரிச்சான். நானும் ஒரு கூட்டத்த சிரிக்க வச்ச தெம்புல பிளாஸ்க்க ஆட்டிக்கிட்டே போனேன். வாசல்ல திரும்பிப் பாத்தேன், சோத்துல தண்ணிய ஊத்திக் கைய கழுவிட்டு இருந்தான். தட்டுல சோறு அப்படியே இருந்துச்சு. பசிக்கல போலன்னு நெனச்சுக்கிட்டேன்.

நீங்க சொல்லுங்க, அதுல என்ன தப்பா சொன்னேன்? திட்டினேனா? கோள் மூட்டினேனா? ஒரு டப்பாவப் பத்திச் சொன்னேன்.

அடுத்த வியாழன் வரல. அதுக்கடுத்த வியாழனும் வரல. ஆம்பளப் பசங்க ஹாஸ்டல்ல பெருக்கறவ சாந்தான்னு என் கூட்டாளி. அவதான் சொன்னா, 'ஏண்டி, கெமிஸ்ட்ரி பையன் ஒருத்தன் ரூம் கதவுல டிஷ்யூ பேப்பர மால மாதிரி கோத்துத் தொங்கவுட்டிருக்கானுங்க. ரெண்டு வாரமா தெனமும் நாந்தான் கழட்டிப் போடறேன். அவன் கிளாசுக்குப் போனா டெஸ்க்குல ஒரு பாக்கெட்டு வச்சுருவானுங்களாம்.' யாருடின்னு நான் கேக்கவே இல்ல. கேக்க வேண்டிய அவசியம் இல்ல. அன்னிக்குப் பூரா நான் யார்கிட்டயும் பேசல, சாந்தா என் நெத்தியத் தொட்டுக் காய்ச்சலான்னு பாத்தா.

இந்தத் திங்கக்கெழம ராத்திரியில இருந்து அவன் ரூமுல இல்ல. பைய எடுத்துட்டுப் போயிருக்கான். கூட இருந்த பையன், ஊருக்குப் போயிருப்பான்னு விட்டுட்டான். இன்னிக்குத்தான் வந்து மேடத்துகிட்ட சொல்றான், 'நாலு நாளா போன் சுவிட்ச் ஆப் மேடம், பயமா இருக்கு.' மேடம் மொகம் மாறிடுச்சு. பீரோவத் தொறந்து அவன் பாரத்த எடுத்தாங்க. நான் வெளிய நின்னு பாத்துட்டு இருக்கேன். வெரல ஏழாவது கட்டத்துல வச்சு, ஒயர் இல்லாத ஆபீஸ் போனுல ஒவ்வொரு நம்பரா அழுத்தறாங்க.

என் இடுப்புல போன் அடிக்குது.

அம்மன் பாட்டு வச்சிருக்கேன் நான், நல்லா சத்தமா. வராண்டா பூரா கேக்குது. எடுக்கவும் முடியல, நிறுத்தவும் முடியல. மேடம் போனக் காதுல வச்சுக்கிட்டே வாசலுக்கு வர்றாங்க, சத்தம் எங்கிருந்து வருதுன்னு பாத்துக்கிட்டு. வந்து என் எதுர நின்னாங்க. நான் எடுத்து 'ஹலோ'ன்னேன். அந்த நேரத்துல வேற என்ன சொல்றது. அவங்களும் போனுலதான் பேசறாங்க, ரெண்டடி தூரத்துல நின்னுக்கிட்டு. 'பூங்காவனம். நீங்களா?'

ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா நான் ஏதாவது சொல்லிச் சமாளிச்சிருப்பேன். உள்ள போயி எல்லாப் பாரத்தையும் எடுத்துத் தரையில பரப்பிப் பாத்தாங்க. பதினாலு எடத்துல என் நம்பரு. அப்படியே தரையிலயே உக்காந்துட்டாங்க. 'அந்தக் கட்டம் வீட்டுக்குக் கோள் சொல்றதுக்கு இல்ல பூங்காவனம். உயிருக்கு ஆபத்துன்னா ஓடி வர ஒரு ஆளு வேணும்னு வச்சது. நீங்க அத அடைச்சு வச்சுட்டீங்க'ன்னாங்க. கொரல் ஏறவே இல்ல.

அப்புறம் கேட்டாங்க, 'அவன் ஊரு எதுன்னு உங்களுக்குத் தெரியுமா?'

தெரியாதுன்னுட்டேன்.

பாக்காதீங்க அப்படி. சொல்றேன். டீ குடிக்கறப்ப அவனே சொல்லியிருக்கான், கல்லேரிப்பட்டி, ஏரிக்கர ஓரமா வீடு, அப்பா இல்ல, அம்மா மட்டும்னு. எனக்கு எல்லாம் தெரியும். ஆனா வாயில தெரியாதுன்னு வந்துருச்சு. மேடம் போயி அவன மொதல்ல புடிச்சா, 'ஏம்பா வர்றத நிறுத்துன'ன்னு கேப்பாங்க. அவன் கேன்டீன் கதையச் சொல்லுவான். வேலைக்குப் பயந்து சொன்னேன்னு நெனக்காதீங்க. சரி, வேலைக்கும் பயந்துதான். ஆனா அது மட்டும் இல்ல. மூணு வருஷமா அந்தப் பொம்பள என்ன நம்பியிருக்காங்கக்கா. 'நீங்க இல்லன்னா'ன்னு சொன்ன வாயி அது.

அட்மிஷன் செக்‌ஷன்ல அவன் பைலு இருக்குது. அந்தக் கிளார்க்கு இன்னிக்கு லீவு, சாவி அவருகிட்ட. மேடம் வார்டன்கிட்ட ஓடுனாங்க, அவரு லெட்டர் எழுதிக் குடுங்கன்னாரு. அவங்க இங்கயும் அங்கயும் ஓடறாங்க, நான் பைய மாட்டிட்டுப் பின்னாடி கேட்டு வழியா வந்து பஸ் ஏறிட்டேன். வார்டன்கிட்டப் போகும்போது மேடம் என்கிட்ட ஒண்ணே ஒண்ணு சொன்னாங்க. 'நீங்க எங்கயும் போகாதீங்க. யார்கிட்டயும் இதப் பத்திப் பேசாதீங்க.' நான் யாருகிட்டக்கா பேசப் போறேன். எனக்கு யாரு இருக்கறா.

போயி என்ன சொல்றதுன்னுதான் கணக்குப் போட்டுக்கிட்டு வர்றேன். அவங்கம்மா கதவத் தொறந்தா, காலேஜுல இருந்து வர்றேன்னு சொல்ல முடியாது. எந்த டிபார்ட்மெண்ட்டுன்னு கேட்டா? சேல விக்க வந்தேன்னு சொல்லலாம், கையில சேல இல்ல. ஓட்டுக் கேக்க வந்தேன்னு சொல்லலாம், எலெக்‌ஷன் இல்ல. பாருங்க, இப்பவும் எனக்கு இதுதான் வருது. அந்தப் பையன் அங்க இருக்கானா இல்லையான்னே தெரியல. வேற எங்கயாவது போயிருந்தா? நான் போயி எறங்கி, ஏரிக்கரையில கூட்டமா ஆளுங்க நின்னா? ஒவ்வொரு ஊரா வர வர, ரோட்டுல நாலு பேரு சேந்து நின்னாலே எனக்கு உசுரு போயிட்டு வருது. இப்பப் பாத்தமே அந்தப் பந்தலு, காதுகுத்துன்னு மைக்குல சொல்றாங்க, அத நல்லாக் கேட்ட பின்னாடியும் திரும்பித் திரும்பிப் பாத்தேன்.

என்னக்கா சொன்னீங்க?

நீங்க எங்க எறங்கறீங்க?

கல்லேரிப்பட்டியா? கல்லேரிப்பட்டியேவா?

இவ்வளவு நேரம் ஏன்கா சொல்லல? நான் பேரு சொன்னனே. ஊரச் சொன்னனே. அழுததச் சொன்னேன், டிஷ்யூவச் சொன்னேன், தூங்காததச் சொன்னேன். எல்லாத்தையும் கொண்டாந்து அவன் ஊருக்கே ஏத்திவிட்டுட்டு நானும் கூடவே வர்றேன். அய்யோ, மறுபடியும் அதையேதான் பண்ணியிருக்கேன். நீங்க அவனுக்கு யாரு? சொந்தமா? பால் சொசைட்டியில அளக்கறவங்களா? அப்ப ஊரே உங்ககிட்ட வந்துதானே போகும்.

இல்ல, அது இருக்கட்டும். மொதல்ல இதச் சொல்லுங்க. அவன் வந்திருக்கானா? பாத்தீங்களா? கண்ணால பாத்தீங்களா?

அவங்கம்மா சொன்னாங்களா. இன்னிக்குக் காலையிலயா? உசுரோட இருக்கான். சாமி. இருங்க, மூக்கத் தொடச்சுக்கறேன். உசுரோட இருக்கான்.

என்னது, காய்ச்சலா? நாலு நாளா படுத்தே கெடக்கறானா. எந்திரிக்கவே மாட்டேங்கறானா. அதையேதான் சொன்னாங்களா, எந்திரிக்க மாட்டேங்கறான்னு? அவங்கம்மா இப்ப எங்க? நூறு நாள் வேலைக்குப் போயிட்டாங்களா. அப்ப வீட்டுல அவன் தனியா இருக்கான்.

அக்கா, அது காய்ச்சல் இல்ல. எனக்குத் தெரியும். நான் அந்தக் கொரலக் கேட்டிருக்கேன். தனியா இருக்கக் கூடாது அவன்.

டவர் இருக்குதா பாருங்க என் போனுல. ஒரு கோடுகூட இல்லையா. இந்தக் கணவாய் எப்ப முடியும்? உங்க போனுல? அதுலயும் இல்ல. கண்டக்டர் தம்பி, எங்க போனா டவர் வரும்? அந்த டீக்கட தாண்டியா. எந்த டீக்கட, இன்னும் எத்தன வளைவு? இல்லப்பா, நான் சும்மா வெளையாடல. இல்ல, வெளையாடல.

வந்துருச்சு. ரெண்டு கோடு. நீங்களே அழுத்துங்கக்கா. ஜெசிந்தான்னு இருக்கும். அந்த ரோஜாப்பூப் படம்.

ஹலோ மேடம், பூங்காவனம். இல்ல மேடம், கேட்டுல இல்ல. மேடம், அவன் ஊரு கல்லேரிப்பட்டி. அரூர் போற ரோடு. எனக்குக் காலையிலயே தெரியும். ஆமா. தெரிஞ்சேதான் இல்லன்னேன். வீட்டுல இருக்கான், தனியா படுத்திருக்கான், நாலு நாளா எந்திரிக்கலயாம். மேடம், இன்னொண்ணு. கேன்டீன்ல நாந்தான் சொன்னேன். அந்தப் பசங்க முன்னாடி. டிஷ்யூ டப்பான்னு. அதுக்கப்புறம் அவன் வரவே இல்ல. நாந்தான் மேடம்.

ம். சரி. சரி மேடம். நான் போறேன். கூட ஆளு இருக்காங்க, அந்த ஊருக்காரங்க. சரி. அவங்கம்மாவக் கூப்புட்டு விடச் சொல்றேன். தனியா விட மாட்டேன். சரி.

டாக்டரோட கெளம்பிட்டாங்களாம். கார்ல. ஒரு மணி நேரம் ஆகுமாம். அதுவரைக்கும் நான் போயி அவன் பக்கத்துல உக்காரணுமாம். என் போனுல அவனுக்கே மேடம் பேசுவாங்களாம், அவனுக்கு இஷ்டம் இருந்தா. நான் ஒண்ணும் கேக்கக் கூடாது, ஒண்ணும் சமாதானம் சொல்லக் கூடாது, சிரிக்க வைக்கக் கூடாது. நான் செஞ்சத மட்டும் சொல்லி மன்னிப்புக் கேட்டுட்டு, வாய மூடிக்கிட்டு உக்காரணுமாம்.

ஒரு மணி நேரம்க்கா. அது எப்படி உக்காருவாங்க? எனக்குப் பழக்கமே இல்ல. நீங்க சேலத்துல இருந்து என் பக்கத்துல உக்காந்துட்டு வர்றீங்களே, அந்த மாதிரிதானா? அப்ப அவ்வளவுதானா. கைய எங்க வச்சுக்கறது?

இங்கதான் எறங்கணுமா? உங்க பையக் குடுக்க மாட்டேன், நானே தூக்கிட்டு வர்றேன். எதையாவது கையில வச்சிருந்தாத்தான் நடக்க முடியும். நீங்க நேரா அவங்கம்மாவக் கூட்டிட்டு வந்துருங்க, வீட்ட மட்டும் தூரத்துல இருந்து காட்டிட்டுப் போங்க. யாராவது கேட்டா உங்க சொந்தம்னு சொல்லிடுங்க. நான் சொன்னதுல ஒரு சொல்லுகூட ஊருக்குள்ள போயிறக் கூடாதுக்கா, பால் அளக்கற எடத்துல யாரு கேட்டாலும். சத்தியமெல்லாம் பண்ண வேண்டாம். நீங்க வாயத் தொறக்க மாட்டீங்கன்னு தெரியுது.

விசில் அடிச்சுறாத தம்பி, இருப்பா. ரெண்டு பேரு எறங்கறோம்.